நூறு அடுக்கும் மூன்று நிறுத்தங்களும்

ஆயத்த ஆடை ஆலையின் முதலுதவி அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். விரலில் ஊசி ஏறியவர், நீராவியில் கை வெந்தவர் என்று ஆயிரம் பேர் வந்து போயிருப்பார்கள். எழுதி வைக்கத் தோன்றுவது ஒருத்தியைப் பற்றித்தான். துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். ஓயாமல் தண்ணீர் குடிப்பாள். அதனால் ‘குடம்’ என்றே கூப்பிட்டார்கள்.

குடத்துக்கு அரிவாள் செல் நோய். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தது, யாருக்கும் தொற்றாது. சிவப்பணு வட்டமாக, வளைந்து கொடுப்பதாக இருக்கவேண்டும். இவளுக்கு அது அரிவாள் போல் வளைந்து விறைத்துப்போகும். மெல்லிய இரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். இரத்தம் எட்டாத இடத்தில் எலும்பை முறிப்பது போல வலி எடுக்கும். உடம்பில் நீர் வற்றினாலும், குளிர் பட்டாலும், அளவு மீறி உழைத்தாலும் கிளம்பிவிடும். தினம் மாத்திரை, நிறையத் தண்ணீர், காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. சொல்வதற்கு எளிதுதான்.

ஆனால் வெட்டும் மேஜைப் பக்கம் தண்ணீர் வரக்கூடாது. சிந்தினால் துணி போச்சு. கத்தி இயந்திரம் துணிக்குள் இறங்கினால், ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த நூறு அடுக்கும் வெட்டி முடியும்வரை ஆள் நகர்வதில்லை என்பதும் அங்கே வழக்கம். நடுவில் எழுந்து போக நேராமலிருக்கக் காலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் வாயைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் ஒரு பெருமை வேறு.

கத்தி இயந்திரத்தை ஓட்டும் கட்டிங் மாஸ்டர் வேலைக்குச் சோதனை வைத்தபோது இவளும் அப்படியே வந்தாள். நோயைச் சொன்னால் வேலை கிடைக்காது என்ற பயம். பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொத்தான் துளை போடும் காஜா அண்ணன் ஓடிவந்து ஐஸ் கட்டியை வைத்து அழுத்தினார். எங்கள் ஆலையில் எல்லா வலிக்கும் அதுதான் வைத்தியம். இவளுக்கோ அது எரிகிற நெருப்பில் எண்ணெய். நான் போய்ப் பிடுங்கிப் போட்டேன். ஆறு நாள் ஆஸ்பத்திரி. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அவர் ஒரே வருடத்தில் விலகிவிட, மறுபடி சோதனை. குடம் என்னிடம் வந்தாள்.

“சொல்லிடவா சிஸ்டர்?”

“சொல்லாம இருந்து என்னத்தைக் கண்டே? ஆஸ்பத்திரிக் கட்டிலத்தானே.”

மறுநாள் மேலாளரிடம் எல்லார் முன்னாலும் சொன்னாள். “அரை மணிக்கு ஒருதரம் நிறுத்தித் தண்ணி குடிப்பேன் சார்.”

“கையில கத்தி, ரத்தத்துல அரிவாளா? இவகிட்ட யாரும் வம்பு வெச்சுக்காதீங்கப்பா,” என்றார் காஜா அண்ணன்.

மேலாளர் சிரிக்கவில்லை. “நடுவுல நிறுத்தினா துணி நழுவும். வெட்டு பிசகினா இந்த வேலையை மறந்துடணும்.”

“சரி சார்.”

வெட்டத் தொடங்கினாள். எங்கே நிறுத்துவது என்று, துணி அடுக்கின்மேல் விரித்த அளவுத் தாளில் முன்பே குறித்திருந்தாள். அந்த இடம் வந்ததும் இயந்திரத்தை அணைத்தாள். இரண்டு பக்கமும் இடுக்கி போட்டு, மேலே எடைக்கட்டிகளை வைத்தாள். இரும்புக் கையுறையைக் கழற்றிவிட்டு வாசல்வரை நடந்துபோய் நிதானமாகக் குடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இப்படி மூன்று முறை.

முடிந்ததும் மேலாளர் முதல் அடுக்கின் கைப்பகுதியையும் கடைசி அடுக்கின் கைப்பகுதியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். நம்பாமல் நடுவிலிருந்தும் ஒன்றை உருவினார். மயிரிழை வித்தியாசம் இல்லை.

“நாளையிலேருந்து மேஜை உன்னுது.”

“இனிமே மாஸ்டர்னு கூப்பிடணுமா? என் வாய் கோணிக்குமே,” என்றார் காஜா அண்ணன்.

“கோணினாலும் பரவால்லண்ணே, கூப்பிடுங்க.”

மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒளிக்கவில்லை, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. மேலாளரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அவள் விரித்து வைத்த அடுக்கு மேஜைமேல் கிடந்தது. வேறு ஆளை வைத்து வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார்.

“மாஸ்டர் வரட்டும்,” என்றார் மேலாளர்.

நான்காம் நாள் வந்து வெட்டினாள். விடுப்பில் போன ஒருத்திக்காக அந்த ஆலையில் வேலை காத்திருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.