இரண்டாவது கண்ட்ரோலர்

ஓசூரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாள் முழுக்க வருகிற பாகங்களைத் தடவித் திருப்பிப் பார்த்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. அந்தப் புத்தி அறைக்கு வந்தாலும் போவதில்லை. மெஸ்ஸில் தோசையைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தின்பேன்.

என்னோடு அறையில் இருந்தவன் ஊத்தங்கரைக்காரன். ஞாயிறானால் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து கால்பந்து கேம் ஆடுவோம். தோற்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதைப் பார்க்கத்தான் அவன் ஆடுவதே. பிறகு ஜூஜுவாடி தாண்டி கர்நாடகப் பக்கம் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போனான். தன் கண்ட்ரோலரையும் எடுத்துப் போனான். அவனுடையதுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த ஞாயித்துக்கெளம வரன் மச்சி. உன்ன அழ வுட்றன் பாரு" என்று ஒருநாள் போனில் சொன்னான். உடனே ஆன்லைனில் வேறு கம்பெனி கண்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். இந்த ஒரு ஞாயிறு நன்றாகப் போனால் அவன் மறுபடி மறுபடி வருவான் என்று நம்பினேன். இது காலை வாரிவிடக் கூடாது.

கையில் எடுத்ததுமே எடை பிடிக்கவில்லை. உள்ளே பாதிப் பொருள் வைக்க மறந்துவிட்டார்களோ என்றிருந்தது. பட்டன்கள் பரவாயில்லை. பின்பக்கம் கூடுதலாக இரண்டு பட்டன், எதற்கென்று செய்தவனுக்கே வெளிச்சம். என் விரல் அதில் பட்டுப் பட்டுப் பந்து வெளியே போனது. கோல் விழுந்தால் அது அதிர்கிற அதிர்வில் கைக்குள் பழைய மிக்சி ஓடியது. பிடி மட்டும் அருமை, வியர்த்தாலும் வழுக்கவில்லை. வினை, ஆட்டக்காரனை நடத்துகிற இடதுபக்கக் குச்சியில் வந்தது. கையை எடுத்த பிறகும் திரையில் ஆட்டக்காரன் மெதுவாக இடப்பக்கம் நடந்துகொண்டே இருந்தான்.

சந்தேகமே இல்லை, சிவப்பு ஸ்டிக்கர்தான். ஆனால் திருப்பி அனுப்பினால் மாற்று வருவதற்குள் ஞாயிறு தாண்டிவிடும். வருகிறவனுக்கு என் பழைய ஒரிஜினல், இந்தச் சனியன் எனக்கு என்று முடிவுகட்டி, தினமும் அதிலேயே பழகினேன்.

ஞாயிறு மதியம் இருவருக்கும் பிரியாணி வாங்கி வைத்திருந்தேன். போன் வந்தது.

"மச்சி, கோச்சுக்காதடா. வியாழக்கெளம கரண்ட் இல்லன்னு லீவு வுட்டாங்கல்ல? அதுக்கு பதிலா இன்னிக்கு வரச் சொல்லிட்டாங்க. எனக்கே மறந்துபோச்சு."

"அப்ப அடுத்த வாரம்?"

"பாக்கலாம் மச்சி. கம்பெனில லைன் ஓடுது, வெக்கறன்."

கரண்ட் நிற்கிற நாளில் விடுமுறை கொடுத்து ஞாயிற்றில் வேலை வாங்குவது இந்தப் பக்கத்தில் ஊரறிந்த வழக்கம். வியாழக்கிழமை பகலில் "தூங்கினு இருக்கன்டா" என்று அவன் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெரிய இன்ஸ்பெக்டர்! யார்மேல் கோபப்படுவது? "அட போடா" என்று காலி அறையில் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடாமலே அழ விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கண்ட்ரோலரையும் ஆன் செய்தேன். புதியதை அவன் உட்காருகிற பாயில் வைத்தேன். ஆட்டம் தொடங்கியது. என் ஆள் நின்றான். எதிரணி ஆள் தானாக நடக்க ஆரம்பித்தான். பந்தை அவன் காலடியில் விட்டேன். தள்ளிக்கொண்டு என் கோல் பக்கமாக மெல்ல வந்தான். பிடுங்க மனம் வரவில்லை.

"வா மச்சி, வா" என்றேன்.

திருப்பி அனுப்ப மறுநாள்தான் கடைசி நாள். நான் அனுப்பவில்லை.