மட்டமா இருக்கு

வானவடிப் பகுதியில் என் பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "ஃப்ளோட் லெவல் பராபர் ஹை, மேடம்" என்றார்; மிதவை சரியாக நிற்கிறதாம். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும், தொண்ணூறுகளில் இதே ஊரின் எல்லையில் நாங்கள் இருந்த கடக்வாஸ்லா வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்கு அங்கே அணையில் படகு ஓட்டும் வேலை. படகு மோட்டாரின் கார்புரேட்டரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பித்தளை மிதவை சாயாமல் நிற்கும்வரை அதன் தகட்டு நாக்கை இம்மி இம்மியாக வளைப்பார்.

ஒருநாள் அவர் கையெல்லாம் பெட்ரோல். அம்மா மோர்க்குழம்பைக் கரண்டியில் எடுத்து, ஊதி, அவர் வாயில் விட்டாள்.

"எப்படி இருக்கு?"

மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா சொன்னார்: "மட்டமா இருக்கு."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"அய்யோ, நான் ஃப்ளோட்டைச் சொன்னேன்டி, சமமா நிக்குதுன்னு" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

குழம்பு எப்படி இருந்தது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அன்று அது நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு, தான் போய்ச் சேரும்வரை, அம்மா அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி அப்பாவும் லெவல் என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.