முனையில் திரும்பும் ஆள்

அலுவலகத்தில் என் அண்ணனுக்கு வைத்திருந்த பெயர் மில்லிமீட்டர். கைபேசித் திரையில் ஒரு பொத்தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. சின்ன வயதில் வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களையெல்லாம் ஸ்கேல் வைத்து நிமிர்த்திக்கொண்டிருப்பான். நான் போகிற போக்கில் ஒன்றைத் தட்டிச் சாய்த்துவிட்டுப் போவேன். அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்ப நிமிர்த்துவான். கோபப்படத் தெரியாதவர்களோடு சண்டை போடுவதைப் போல எரிச்சலான காரியம் உலகத்தில் கிடையாது.

கல்யாணம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே தலை நரைத்தவன். ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஜன்னலோரம் துணி காய ஒரு கயிறு. அவ்வளவுதான் அவன் குடித்தனம். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற செயலி ஒன்றைத் தொடங்கிய சிறிய கம்பெனியில் அவனுக்கு வேலை. பாத்திரம் கழுவ, ஜன்னல் துடைக்க, அலமாரியை நகர்த்த, பல்பு மாட்ட, எதற்கானாலும் கைபேசியில் தட்டினால் ஆள் வரும். தட்டுகிறவர் கண்ணில் படும் திரைகள் எல்லாம் அண்ணன் வரைந்தவை.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வழி தெரியாமல் ஒருவர் நிற்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. பஸ்ஸை ஓரம் கட்டி இறங்கிப் போய் வழி சொல்லிவிட்டு வருவாராம். உள்ளே இருக்கும் பயணிகள் கத்துவார்களாம். அம்மா போன பிறகு பழைய வீட்டில் தனியாக இருந்தார். என் வீட்டுக்கும் வர மாட்டார், அண்ணன் அறைக்கும் வர மாட்டார். ஒரு நாள் சமையலறைப் பல்பை மாற்ற ஸ்டூல் மேல் ஏறி, விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் கத்தித் தீர்த்துவிட்டு அந்த ஸ்டூலையே என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் எதன்மேலும் ஏறுவதில்லை என்று அவரிடம் சத்தியமும் வாங்கினேன்.

"அப்ப பல்பு போனா நான் இருட்டுலயே உக்காந்திருக்கவா?" என்றார் அப்பா.

அண்ணன் அவர் கைபேசியை வாங்கி ஏதோ செய்து கொடுத்தான். "இதத் தட்டுங்கப்பா. ஆள் வரும். நீங்க சேர்ல உக்காந்தா போதும்."

"தட்டினா வந்துருவாங்களா?"

"வந்துருவாங்கப்பா. நான் பொறுப்பு."

அந்த வார்த்தையை அவன் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

அப்பாவின் கைபேசியில் அண்ணன் போட்டுக் கொடுத்தது சோதனைக்கான செயலி. உள்வேலை எதுவும் அப்போது தயாராகவில்லை. இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திரைகளை மட்டும் நிஜம்போலச் செய்து சில வீடுகளில் கொடுத்துவிடுவார்கள். பின்னால் யந்திரம் செய்ய வேண்டிய வேலையை ஒரு மனுஷி செய்வாள். அப்பா தட்டினால் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் மேசையில் மணி அடிக்கும். அவள் அப்பாவின் வீட்டுப் பக்கம் இருக்கிற வேலையாள் யாருக்காவது போன் போடுவாள். ஆள் போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். அப்பாவின் திரையில் 'வந்துவிட்டார்' என்று வரும். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் சாமர்த்தியமே.

இதில் முதலாளிக்கு ஒரு தலைவலி இருந்தது. தட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. ஆள் எங்கே, எப்போது வரும் என்று அலுவலகத்துக்குப் போன் மேல் போன். "காத்திருக்கிறவங்க கண்ணுக்கு எதையாவது காட்டு. கண்ணுக்கு வேலை இருந்தா வாய்க்கு வேலை இருக்காது" என்றாராம் முதலாளி. அண்ணன் ஒரு ஆளை வரைந்தான். தலையில் தொப்பி, கையில் வாளி, மெல்லிய மீசை. அந்த ஆள் ஒரு தெருவில் நடந்து வருவான். எந்தத் தெருவை வரைவது என்று யோசித்தபோது அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரைய வந்தது ஒரே தெருதான். அப்பா இருக்கும் எங்கள் தெரு. தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், முனையில் தையற்கடை எல்லாம் அளவு பிசகாமல் அதில் இருந்தன. வாளிக்காரன் தையற்கடை முனை வரை வருவான், திரும்புவான், தொட்டிக்குப் பின்னால் போவான், மறுபடி வருவான். நிஜ ஆள் எங்கே வருகிறார் என்பதற்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அண்ணன் அதை என்னிடம் பெருமையாகக் காட்டினான். தொப்பியின் நிழல்கூட நடைக்கு ஏற்ப அசைந்தது.

"இது பொய்தானே?" என்றேன்.

"பொய்னு எப்படிச் சொல்வே? ஆள் வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க. நீயும்தான் சொல்றே, டாக்டர் இதோ வந்துட்டார்னு."

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். காத்திருப்பவர்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். "நான் சொல்றப்ப டாக்டர் உள்ள இருக்கார்" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்பாவுக்கு வாளிக்காரனை ரொம்பப் பிடித்துப்போனது. அவன் திரையில் கிளம்பியதும் இவர் அடுப்பில் டீயை வைத்துவிடுவார். "படத்துல மீசை இருந்துச்சு. கதவத் திறந்தா ஒரு அம்மா நிக்கிறாங்க" என்று போனில் என்னிடம் விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர் யாராக இருந்தாலும் டீ உண்டு. வேலை முடிந்ததும் திரையில் ஐந்து நட்சத்திரம் வரும். ஒவ்வொன்றாகத் தட்டுவார். நாலு நட்சத்திரம் போட்டால் அவர்களுக்கு வேலை குறையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து ஐந்துக்குக் குறைந்து போட்டதே இல்லை.

பிறகு செயலி முழுதாகத் தயாரானது. சோதனையை மூடிவிட்டார்கள். மேசையில் மணியைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணை வேறு வேலைக்கு மாற்றினார்கள். சோதனை வீடுகள் எல்லாவற்றுக்கும் அவள் போன் செய்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொன்னாள். அப்பாவுக்கு மட்டும் போன் செய்யவில்லை. "எங்கப்பாதானே, நானே போய்ப் போட்டுக்கறேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தான். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனான். செயலியின் திறப்பு விழா நெருங்க நெருங்க அவன் அலுவலகத்திலேயே குடியிருந்தான். பொத்தானின் நிறத்தைக் கடைசி நிமிடம் வரை மாற்றிக்கொண்டிருந்தான். அப்பாவின் கைபேசி மறந்தே போய்விட்டது.

திறப்பு விழா நாளன்று மத்தியானத்திலிருந்தே தூறல். அப்பா வீட்டில் சமையலறைப் பல்பு போயிற்று. அப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து தட்டினார். அந்த மணி இப்போது யார் மேசையிலும் அடிக்கவில்லை. ஆனால் வாளிக்காரன் கைபேசிக்குள்ளேயே இருக்கிறவன். அவனுக்கு மணியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அவன் கிளம்பிவிட்டான்.

மீதியைச் சொன்னவர் தையற்காரர். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா குடை பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாராம்.

"என்ன சார், மழையில கிளம்பிட்டீங்க?"

"வாளி வெச்சுக்கிட்டு ஒரு ஆள் இந்தப் பக்கம் வந்தானா? ரொம்ப நேரமா நம்ம தெருவையே சுத்திச் சுத்தி வர்றான். வீடு தெரியல போல."

"யாரும் வரலியே சார்."

"என்னய்யா நீ, உன் கடை முன்னாலதான் நிக்கிறான்." அப்பா கைபேசியைக் காட்டியிருக்கிறார். படத்தில் தையற்கடை இருந்தது. கடை முன்னால் தொப்பி போட்ட ஆளும் இருந்தான். தையற்காரர் தலையை நீட்டி வெளியே பார்த்தார். மழைதான் பெய்துகொண்டிருந்தது. "அவர் சொன்ன மாதிரியே படத்துல இருக்கான், வெளிய காணோம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார் என்னிடம்.

"போன் பண்ணிக் கேக்கலாமே சார்" என்றும் சொல்லிப் பார்த்தாராம்.

"பையனுக்கு இன்னைக்கு விழா. இதுக்கெல்லாம் கூப்பிட்டா நல்லா இருக்காது. பாவம், அதோ தொட்டிப் பக்கம் திரும்பிட்டான் பாரு. இருட்டறதுக்குள்ள நானே போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன்."

தொட்டிக்குப் பின்னால் குழாய் வேலைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அண்ணன் படம் வரைந்தபோது அந்தப் பள்ளம் இல்லை. அப்பா கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு வாளிக்காரன் பின்னாலேயே போயிருக்கிறார். குடை மட்டும் மேலே கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அவ்வழியே போன ஒருத்தர் பள்ளத்தை எட்டிப் பார்த்தாராம்.

ஆஸ்பத்திரிக்கு நான் முதலில் போனேன். அண்ணன் வந்தபோது அவன் தலைமுடியில் ஜிகினாக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. கூடவே வந்திருந்த தையற்காரர் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நர்ஸ் கொடுத்த பையிலிருந்து அப்பாவின் கைபேசியை எடுத்தான். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. உள்ளே வாளிக்காரன் நடந்துகொண்டிருந்தான். முனை வரை வந்தான், திரும்பினான்.

வராந்தாவில் அண்ணன் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

"ஆள் இல்லாத தெருவுல ஆளை நடக்க விட்டியேடா, பாவி!" என்று கத்தினேன். அண்ணனை 'டா' போட்டு நான் பேசியது அதுதான் முதல் தடவை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்போதுகூட அவனுக்குத் திருப்பிக் கோபப்படத் தெரியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், அந்த ஆளை எடுத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறான். முதலாளி கெட்டவர் இல்லை. அப்பாவுக்குப் பழங்கள் அனுப்பினார், என்ன உதவி வேண்டுமானாலும் கேட்கச் சொன்னார். ஆனால் வாளிக்காரன் வந்த பிறகு அலுவலகத்துக்கு வருகிற போன்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. அதை மட்டும் கேட்காதே என்றுவிட்டார். புதிய செயலியிலும் அவனையே நடக்க விட்டிருக்கிறார்கள். யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அண்ணன் வேலையை விட்டுவிட்டான். விட்டதில் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் அவனே சொன்னான்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்பாவிடம் அண்ணன் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. அவர் யாரைத் தேடிப் போய் விழுந்தார் என்பது அவருக்குத் தெரியாமல் போகக் கூடாது. அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். சரி என்றான்.

அன்று சாயங்காலம் அப்பா கண் விழித்தார். அண்ணன் கட்டில் ஓரம் போய் நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே கேட்டுவிட்டார்.

"அந்த வாளிக்காரன் வீட்டைக் கண்டுபிடிச்சானா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். சொல்லு என்று கண்ணாலேயே அதட்டினேன்.

"கண்டுபிடிச்சுட்டார்ப்பா" என்றான். "நான்தான் கதவத் திறந்தேன். பல்பு மாட்டிட்டுப் போயிட்டார்."

"டீ போட்டு மூடி வெச்சிருந்தேனே. ஆறிப் போயிருக்கும்."

"சூடு பண்ணிக் குடுத்தேன்பா. குடிச்சுட்டுத்தான் போனார்."

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சற்றுப் பொறுத்து, "நட்சத்திரம் போட்டியா?" என்றார். "மழையில அலைஞ்சிருக்கான். லேட்டுன்னு குறைச்சுப் போட்டுறாதே. குடு, நானே போடறேன்."

வேலை முடிந்தால்தான் நட்சத்திரத் திரை வரும். அப்பாவின் கைபேசியில் அந்த வேலை ஒருநாளும் முடியப் போவதில்லை. அண்ணன் தன் கைபேசியை எடுத்தான். எதையோ தேடினான். செயலி என்று ஒன்று உருவாவதற்கு முன்னால் முதன்முதலாக வரைந்த படத்தைத் திறந்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். தொட்டால் நிறம் மாறும் வெறும் படம்தான். எங்கும் போய்ச் சேராதது. ஐந்து காலி நட்சத்திரம் அதில் இருந்தது.

அப்பா விரலைத் தூக்கினார். ஊசி குத்தி வீங்கிய கை, குறி தவறித் தவறிப் போயிற்று. அண்ணன் கைபேசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நட்சத்திரமாக விரலுக்குக் கீழே கொண்டுவந்து கொடுத்தான். ஐந்தும் மஞ்சளாக எரிந்தன. கீழே அண்ணன் எழுதிய வரி வந்தது. அப்பா அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"உங்கள் பாராட்டை அவரிடம் சேர்த்துவிட்டோம்."

பிறகு அண்ணனைப் பார்த்து, "இப்ப வழி பழகியிருப்பான். அடுத்த தடவை சுத்த மாட்டான்" என்றார்.

"மாட்டார்ப்பா" என்றான் அண்ணன்.

போர்வை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை இழுத்து இரண்டு பக்கமும் சமமாக வைத்தேன்.