ஏழு மடிப்புப் பாவாடை

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. முந்தாநாள் என்ன குழம்பு வைத்தேன் என்பதே மறந்துபோகிறது. இதுவோ பதினாலு பதினைந்து வருஷத்துக்கு முந்தின சங்கதி. ஆனால் கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எல்லாரையும் சொல்லவில்லை. ஆளைப் பெரிசாக்கி, சிறிசாக்கி எழுதுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். வாரப் பத்திரிகையில் படித்திருக்கிறேன், டிவியிலும் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் மூலிகையைத் தின்றதும் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துவிடுவான். சரி, சிறுக்கட்டும். அவன் இடுப்பில் இருக்கிற வேட்டியும் கூடவே சிறுக்கிறதே, வேட்டியும் மூலிகை தின்றதா? இன்னொருத்தி பனைமர உயரத்துக்கு வளர்ந்து நிற்பாள். ஜாக்கெட்டில் ஒரு ஹூக் தெறித்திருக்காது, கையில் ஒரு வளையல் உடைந்திருக்காது. நான் தையல்காரி. தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் பொங்கலுக்குப் பிடிக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு சுற்றுப் பெருத்தாலே நிஜத்தில் இந்தப் பாடு. துணி தானாக வளராது. இது தெரியாதவர்கள் எல்லாம் பேனாவை எடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு ஒரே பெண். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மாவட்டம் பிரிந்து, ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் ஆபீசுகளும் புது வீடுகளும் வந்து, எனக்குத் தையல் வேலை கொஞ்சம் ஜாஸ்தியான வருஷங்கள் அவை. பெண் திடீரென்று வளர்ந்துவிட்டாள். வகுப்பிலேயே அவள்தான் உயரம். தெருவில் ‘கொக்கு’ என்று கூப்பிட்டார்கள். அவள் தோளைக் குறுக்கி, முதுகைக் கூனி நடக்க ஆரம்பித்தாள்.

வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் உள்பக்கம் ரெண்டு மூன்று மடிப்புப் பிடித்து விடுவோம். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசம் ஒரு மடிப்பைப் பிரித்தால் அந்த வருஷம் ஓடிவிடும். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும். என் பெண்ணின் பாவாடையில் அந்த வருஷம் கோடு மட்டும்தான் இருந்தது, பிரிக்க மடிப்பு மிச்சமில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவரை எல்லாரும் தமிழம்மா என்பார்கள். பத்திரிகையில் ரெண்டு கதை வந்திருந்ததால், பெஞ்சில் உட்காரும்போதுகூட ஒரு தோரணையோடு உட்காருவார். ஆண்டு விழாவுக்கு அவரே ஒரு நாடகம் எழுதினார். அதில் ஒரு பெண். ஊரார் ‘சின்னவளே’ என்றால் சிறுத்துவிடுவாள், ‘பெரியவளே’ என்றால் வளர்ந்துவிடுவாள். கடைசியில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட, பழைய அளவுக்கு வந்துவிடுவாள். கதை மோசமென்று சொல்ல மாட்டேன். குரல் கணீரென்று இருந்ததால் அந்த வேஷம் என் பெண்ணுக்குக் கிடைத்தது. ராத்திரி தூக்கத்தில்கூட வசனம் சொன்னாள்.

வேஷத்துக்குத் துணி தைக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரே மாதிரி பச்சைத் துணியில் சிவப்புக் கரை வைத்து, சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மூன்று பாவாடை. எதற்கு மூன்று என்று பெண்ணிடம் கேட்டேன். சிறுக்கிற காட்சியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். அந்தப் பிள்ளைக்கு முகம் வேறு, நிறம் வேறு, முன்பல் ரெண்டும் இல்லை. ஆள் சிறுத்தால் பல்லும் விழுந்துவிடுமா? வளர்கிற காட்சியில் என் பெண் பெஞ்சின் மேல் ஏறி நின்று பெரிய பாவாடையால் பெஞ்சை மூடிக்கொள்ள வேண்டுமாம். அங்கேயும் ஆளோடு பாவாடையும் வளர்ந்துவிடுகிறது. படித்தவர் மூளை!

இதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டு மூன்றையும் தைத்துக் கொடுத்திருப்பேன். ஒரு நாள் மத்தியானமே பெண் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“நான் இனிமே இஸ்கூலுக்குப் போவல.”

“இன்னாடி ஆச்சு? யாராச்சும் அடிச்சாங்களா?”

“அடிச்சிருந்தாகூடப் பரவால்லம்மா. அந்த வசனத்தச் சொல்லசொல்லோ எல்லாரும் சிரிக்கிறாளுங்க. ‘மாமன் சீரு எத்தினி தட்டுடி வந்துச்சு’ன்னு கேக்கறாளுங்க.”

“எந்த வசனம்?”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பெஞ்சின் மேல் ஏறிக் கைதட்டிக்கொண்டே சொல்ல வேண்டுமாம்: ‘நான் பெரியவளாகிவிட்டேன்! நான் பெரியவளாகிவிட்டேன்!’

எங்கள் ஊரில் ஒரு பெண் பெரியவளானாள் என்றால் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்குத் தெரியும். அதற்குப் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். என் பெண் மூன்று மாசத்துக்கு முன்னால்தான் நிஜமாகவே ஆகியிருந்தாள். கூச்சத்தில் நான் விசேஷம் எதுவும் வைக்காமல், காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்திருந்தேன். அதைத்தான் இப்போது ஊரைக் கூட்டி மேடையில் கைதட்டிச் சொல்லச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “போவலன்னா வுட்டுடு. எட்டு வரைக்கும் படிச்சது போதும். வூட்ல இருந்து உன்கூடத் தையல் கத்துக்கட்டும்” என்றார்.

நான் அஞ்சாவதோடு நின்றதும் இப்படித்தான். என்னவோ ஒரு சின்ன விஷயத்துக்கு நாலு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. என்ன விஷயம் என்பதுகூட இப்போது நினைவில்லை.

மறுநாள் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் யாரிடமும் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. வராந்தாத் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்துதான் நின்றேன்.

“என்னம்மா, அளவு எடுக்க வந்தீங்களா?” என்றார் தமிழம்மா.

“ஆமாங்க டீச்சர். அந்த வசனம் மட்டும்...”

“எந்த வசனம்?”

அதை என் வாயால் சொல்ல வரவில்லை. “அதாங்க, பெரிசாவறது.”

“அதுக்கென்ன? நல்ல தமிழ்தானே? பெரியவள்னா உருவத்துல பெரியவள். நீங்கதான் தப்பா அர்த்தம் பண்ணிக்கிறீங்க.”

“நாங்க பண்ணிக்கலீங்க. ஊரே அப்படித்தாங்க பேசுது.”

“ஊர் பேசற மாதிரி எழுதறதுக்கு நான் எதுக்கும்மா? உங்க பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க, வேற பொண்ணு இருக்கு. நீங்க பாவாடையைத் தைங்க, அது போதும்.”

பாவாடையைத் தைத்தால் போதுமாம். ஊர்த் தமிழ் தெரியாதவர் தமிழம்மா! வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். நேரில் சொல்லத்தான் துணிவில்லையே.

வீட்டுக்கு வந்து, துவைத்த துணியைக் கொடியில் போட்டேன். எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் கொடிக்கு நேர் பின்னால் மலை. ஒரு நீளப் பாவாடையைப் போட்டதும் மலை மறைந்து உச்சி மட்டும் தெரிந்தது. தரையில் தொடுகிறதே என்று பாவாடையை மேலே இழுத்து மடித்துப் போட்டேன். கீழே மலையின் கால் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், பாறை, மரம் எல்லாம் தெரிந்தது. மலை ஒரு முழம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. மலையா வளர்ந்தது?

உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தேன். மூன்று பாவாடைத் துணியையும் சேர்த்து ஒரே பாவாடை வெட்டினேன். என் பெண்ணின் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் உள்ள அளவுக்கு மேல் ஒன்றரை அடி நீளம். உள்பக்கம் ஏழு இடத்தில் மடிப்புக்குக் கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன வளையம் தைத்து, அதன் வழியாக நாடா கோத்து இடுப்புக்குக் கொண்டுவந்தேன். நாடாவைப் பாதி இழுத்து முடிச்சுப் போட்டால் பாவாடை கணுக்காலில் நிற்கும். முடிச்சை விட்டால் சரசரவென்று இறங்கித் தரையில் குவிந்துவிடும். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் துணிக் குவியலுக்குள் ஒரு சின்னப் பெண். எழுந்து நுனிக்காலில் நின்று நாடாவை முழுசாக இழுத்தால் மடிப்பு ஏழும் சுருண்டு, கரை கெண்டைக்கால் வரை ஏறிவிடும். பார்க்கிறவனுக்கு ஆள் வளர்ந்தாள் என்றுதான் தோன்றும். உள்ளே போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைப் பாவாடையும் தைத்துவைத்தேன்.

அவளைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டேன். ரெண்டு நாளாக உம்மென்று இருந்தவள், நாடாவை இழுத்ததும் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் கத்துகிற மாதிரியே கத்தினாள்: “யம்மா, பாவாட பத்தலம்மா!”

கத்திவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“அதயே சொல்லுடி மேடையில. அந்த எழவு வசனம் வாணாம்.”

“டீச்சர் திட்டுவாங்க.”

“திட்டினா எங்கம்மா தெச்சது அப்படின்னு சொல்லிடு.”

கொஞ்ச நேரம் நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். “நாளிக்குப் போறேன்” என்றாள். ஒத்திகையில் மட்டும் அந்த வசனத்தை வாய்க்குள் முணுமுணுத்துச் சமாளித்திருக்கிறாள். பாவாடையை நான் வேண்டுமென்றே விழா அன்றைக்கு மத்தியானம்தான் கொண்டுபோனேன். “ஒண்ணுதான் இருக்குது, மத்த ரெண்டு எங்கம்மா?” என்று தமிழம்மா கத்தினார். “எல்லாம் உள்ளாறயே இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. சிறுக்கிற காட்சியில் அவள் துணிக்குள் அமிழ்ந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பொக்கைவாய்ப் பிள்ளை ஓரத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஊரார் ‘பெரியவளே’ என்று கூப்பிட்டார்கள். அவள் வகுப்புப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவள் எழுந்தாள், நாடாவை இழுத்தாள். கரை ஏறிக்கொண்டே போனது. முதுகைக் கூனாமல், எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரமும் நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கணீர்க் குரலில், “யம்மா, பாவாட பத்தலம்மா!” என்றாள்.

பார்க்க வந்த பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி, “ஆமாண்டி, எத்தினி தபாதான் பிரிச்சு வுடறது!” என்று கத்தினாள். மைதானமே சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை அது. அவரவர் வீட்டுப் பெண்ணை நினைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பெண் மேடையை விட்டு இறங்கினதும் தமிழம்மா என்னைத் தேடிப் பிடித்தார். “பாவாடை நல்லா இருந்துச்சு. வசனம்தான் கொச்சையாயிடுச்சு” என்றார். நான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் பெண், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்மைத் தானே தேய்த்து வைத்தாள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, தன் சட்டையையும் தேய்க்கச் சொல்லி அவளிடம் நீட்டினார்.

கொஞ்ச மாசம் கழித்து அந்த நாடகம் கதையாகப் பத்திரிகையில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘அவளோடு அவள் பாவாடையும் வானளாவ வளர்ந்தது’ என்று எழுதியிருந்தார் தமிழம்மா. கண்ணால் பார்த்தும் அப்படி எழுதியிருந்தார்! படத்தில் பெண் கோபுரத்துக்கு மேல் நிற்கிறாள், கரை கணுக்காலில் ஒரு நூல் பிசகாமல் நிற்கிறது. அந்தப் பத்திரிகையை மிளகாய் காயவைக்க விரித்தேன்.

என் பெண் இப்போது வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். நிலைப்படியில் இடிக்காமல் இருக்க மட்டும்தான் குனிகிறாள். பாவாடைக்கு ஆறு மடிப்புதான் என்று அவள் சாதிக்கிறாள். நான் ஏழு என்கிறேன். பாவாடை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எனக்குக் கண் சரியில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது வீட்டுப் பக்கம் வந்தால் உள்பக்கம் திருப்பி, மடிப்புக் கோடுகளை எண்ணிச் சொல்லுங்கள். ஆறு என்றால் மேலே தலைப்பையும் திருத்திவிடுங்கள்.