ஒரு பிடி மண்

எழுபதுகளின் தொடக்கத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுச் சாவுக்கு டிரம் அடிக்கப் போனேன். செத்தவரின் மூத்த மகன் பெங்களூர் ஓட்டல்களில் ஜாஸ் டிரம் வாசித்துப் பேர் வாங்கியவர். அப்போது பல்கலைக்கழகத்தில் இசை ஆசிரியர். சும்மா நிற்கும்போதும் விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தன.

“எங்கப்பா என் வாசிப்ப ஒருநாளும் கேட்டதில்லீங்க. குச்சியக் கொஞ்சம் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். தம்பிக்காரன் ஓடிவந்து பிடுங்கினான்.

“சாவு வூட்டுல மேளம் அடிச்சா எம்பொண்ண எவன் கட்டுவான்? வாத்தியாருன்னு சொல்லி வெச்சிருக்கறேன், வாத்தியாராவே நில்லுண்ணா!”

என் முகத்துக்கு நேரேதான் சொன்னான், பாவி.

கல்லறைக் குழியில் ஆளுக்கொரு பிடி மண்ணை மொத்தமாகப் போட்டோம். அவர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தார். பெட்டிப் பலகையில் தாளம் எழுந்தது. இன்னொரு பிடிக்குக் குனிந்தார். அதற்குள் தம்பி மண்வெட்டிக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டான்.

அந்தத் தாளம் எங்கே போய் முடிந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.