கம்பி இறுகிய கால்

நாமக்கல்லில் நடந்த பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வென்ற மறுநாள், கொல்லிமலையின் நனைந்த காட்டில் ஓர் ஆட்டுக்காரரைச் சந்தித்தேன். ஒடிசலான உடல், மழைக்காக உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டிருந்தார். அவருடைய பட்டியை விட்டு ஓடிக் காட்டிலேயே பெருகிவிட்ட ஆடுகளுள் ஒன்றின் காலில், யாரோ பன்றிக்கு வைத்த சுருக்குக்கம்பி இறுகியிருந்தது. அதை அறுக்காவிட்டால் கால் அழுகிவிடும் என்று நான்கு நாள்களாக அலைந்துகொண்டிருந்தார். உடன் வரலாமா என்று கேட்டேன்.

“வாங்க சாமி. ஆனா வாயத் தொறக்கப்படாதுங்க.”

“எங்க நிறுத்தோணும்னு தெரிஞ்சவன்தானுங்க மேடையில செயிக்க முடியும்,” என்றேன் பெருமிதத்தோடு.

காற்றடித்து மரங்கள் நீரை உதிர்க்கும்போது மட்டுமே அவர் அடியெடுத்து வைத்தார். சொட்டும் ஒலி ஓய்ந்ததும் அசையாமல் நின்றார். இப்படியே நகர்ந்து, கை நீட்டினால் கால் அகப்படும் அளவுக்கு அந்த ஆட்டை நெருங்கிவிட்டார். அந்த நேர்த்தியில் என்னை மறந்து, “அருமை!” என்றேன்.

ஆடு கம்பியோடு நொண்டிப் பாய்ந்து புதருக்குள் மறைந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். “கையத் தட்டாம உட்டீங்களே, அது வரைக்கும் சந்தோசமுங்க,” என்றார் தாழ்ந்த குரலில். பிறகு என்னை அங்கேயே நிற்கும்படி சைகை காட்டிவிட்டு, அடுத்த காற்றுக்குக் காத்திருந்தார்.

மன்னிப்புக் கேட்க வாய் துடித்தது. அதுவும் ஓர் ஓசைதான் என்பதால் கேட்கவில்லை. அவர் மரங்களுக்கிடையே மறையும்வரை தலைகுனிந்து நின்றேன். கம்பி அறுபட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் அரங்கில் யாரேனும் “அருமை!” என்று குரல் கொடுத்தால், எனக்கு அடுத்த சொல் வருவதில்லை.