படத்தில் விழாத மேகம்

போன மாதம் என் அக்கா மகளைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து ஒரு குடும்பம் தென்காசிக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை — முதலில் குற்றாலத்தில் குளியல். அப்புறம்தான் பெண் வீடு.

அவர்கள் வருகிற அன்று காலையே அக்கா எனக்கு போன் போட்டாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

"ஏலே, அருவியில குளிக்க விடுவாங்களா? தடை போட்டுட்டா சகுனம் சரியில்லன்னு திரும்பிருவாங்கலே."

என்னிடம் ஏன் கேட்கிறாள்? செல்போனில் சாட்டிலைட் மேகப் படம் பார்த்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் ஓசியில் வானிலை சொல்பவன் நான்தானே... அன்று காலையும் பார்த்தேன். தூரத்துக் கடலில் கொஞ்சம் வெள்ளை. நம் மலைமேல் ஒன்றுமே இல்லை.

"க்ளியரா இருக்கு. தாராளமா வரச் சொல்லு."

என் மனைவி ஜன்னலைத் திறந்தாள். "என்னங்க, மலையவே காணும். ஒரே மூட்டமால்லா கெடக்கு?"

"சாட்டிலைட்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்றேன். திமிர்தான்.

மதுரைக்காரர்கள் வந்தார்கள். அப்பாவும் மகனும் அருவிக்கரையில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் மசாஜ் செய்துகொண்டார்கள். எழுந்து நடந்தால்... போலீஸ் விசில். வெள்ளம். குளிக்கத் தடை.

எண்ணெய் சொட்டச் சொட்ட, இடுப்பில் துண்டோடு அக்கா வீட்டு வாசலில் வேனிலிருந்து இறங்கினார்கள். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — வேண்டாம், விடுங்கள்.

அக்கா மகள்தான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெந்நீர் போட்டாள். சீயக்காயை எடுத்து வைத்தாள். "ஒவ்வொருத்தரா வாங்க மாமா. இங்கன தடை கெடையாது."

மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். குளித்துவிட்டு வந்து, தலை துவட்டும்போதே சம்மதம் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நான் பார்க்கிற படத்தில் உயரத்தில், குளிர்ந்து கிடக்கும் மேகங்கள்தான் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியுமாம். நம் சாரல் மேகம் மலையை ஒட்டித் தாழ்வாகத் தவழ்வது. மங்கலாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆபீஸிலும் அதுதானே கதை? உயரத்தில் இருப்பவர் பளிச்சென்று தெரிவார். உழைப்பைக் கொட்டித் தீர்ப்பவர் கீழே இருப்பார்.

நேற்று நிச்சயதார்த்தம், மொட்டை மாடியில். காலையிலேயே அக்கா கேட்டாள், "மழை வருமாலே?"

படத்தைப் பார்த்தேன். "மேகமே இல்லக்கா."

அக்கா உடனே பந்தல்காரருக்கு போன் போட்டாள். "அண்ணாச்சி, துணிப் பந்தல் வேண்டாம். தகரமே போட்டுருங்க."